பெட்டகத்தில் கிடைத்த வெளிநாட்டு இன்சூரன்ஸ் பத்திரம்: பணம் வருமா என்று கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

வீட்டைப் பங்கு பிரிக்கும்போதோ, கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போதோதான் பெரும்பாலும் இது கையில் கிடைக்கும். செட்டிநாட்டு வீட்டு வளவில் வருடக்கணக்காக யாரும் திறக்காத ஓர் அறை. மங்குச் சாமான்களுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட்டின் அடிக்கட்டை, நான்காக மடித்த கெட்டித் தாள் ஒன்று. ஓரத்தில் நுணுக்கமான கோட்டு வேலைப்பாடு, நடுவில் ஆங்கிலத்தில் கம்பெனிப் பெயர், கீழே ஐயாவின் (தாத்தாவின்) பெயர், தொகை இத்தனை வெள்ளி (அந்நாட்டு டாலர்). அன்றைக்கு ராத்திரியே சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் போன் பறக்கும். மறுநாள் காலையில் பங்காளிகள் நாலு பேர் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து கோடிக் கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள உறவுக்காரர்கள் இப்படிப்பட்ட தாள்களை என்னிடம் எடுத்து வருவதுண்டு. சொன்னால் வருத்தமாக இருக்கும்: அவற்றில் பணமாக மாறியவை மிகக் குறைவு. ஆனால் விசாரிக்காமல் விடவும் கூடாது. சரியான வரிசையில் விசாரித்தால் முதல் கட்டத்துக்குத் தபால் செலவைத் தவிர வேறு செலவில்லை. தப்பான வரிசையில் போனால் வக்கீல் செலவு முன்னால் வந்து, 'அந்தப் பாலிசி எப்போதோ முடிந்துவிட்டது' என்ற பதில் பின்னால் வரும்.

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. தாளை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பின்பக்க எழுத்தும் அழுத்து முத்திரையும்தான் முக்கியம், அவை பிளாஸ்டிக்குக்குள் மங்கிவிடும். இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு, அசலைப் பழையபடி உள்ளே வையுங்கள்.

பத்திரத்தில் என்ன பார்ப்பது

எல்லோரும் முதலில் தொகையைத்தான் பார்ப்பார்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது பத்திரம் எந்த ஊர் ஆபீஸில் எழுதப்பட்டது என்பதை. கம்பெனி லண்டன் கம்பெனியாக இருக்கும், ஆனால் பத்திரம் சிங்கப்பூரிலோ கல்கத்தாவிலோ எழுதப்பட்டிருக்கும். கணக்கு அந்தக் கிளையின் புத்தகத்தில்தான் இருக்கும். ஊர்ப் பெயர்கள் மாறியிருப்பதையும் கவனியுங்கள்: தெலுக் ஆன்சன் இன்று தெலுக் இந்தான், போர்ட் சுவெட்டன்ஹாம் இன்று போர்ட் கிள்ளான், ரங்கூன் இன்று யாங்கோன்.

அடுத்தது பாலிசியின் வகை. 'ஹோல் லைஃப்' என்றிருந்தால் இறந்த பிறகுதான் பணம். 'எண்டோமென்ட்' என்றிருந்தால் குறித்த வயதில் அவர் கைக்கே பணம் போயிருக்க வேண்டும். ஐயா எண்பது வயது வரை இருந்தவர், பாலிசி ஐம்பத்தைந்து வயதில் முதிர்வது என்றால், அவரே வாங்கியிருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும். போட்டது ஹோல் லைஃப் பாலிசி, ஐயா திடீரென்று தவறிப்போனார், பாலிசி இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றால் அது வேறு கதை. அங்கேதான் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

பிறகு தாளைத் திருப்புங்கள். நம் பக்கத்துப் பத்திரங்களில் பின்பக்கம் காலியாக இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். வட்டித் தொழில் செய்தவர்கள் பாலிசியையும் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். இன்னொரு விலாசத்திடமோ (வட்டிக் கடையிடமோ) ஒரு பாங்கிடமோ ஈடாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். 'அசைன்மென்ட்' என்ற சொல்லும் தேதியும் கையெழுத்தும் பின்பக்கம் இருந்தால் பாலிசியின் உரிமை கைமாறியிருக்கிறது. அதற்குக் கீழே 'ரீ-அசைன்மென்ட்' என்று இன்னொரு குறிப்பு இருந்தால் கடன் அடைந்து உரிமை திரும்பி வந்துவிட்டது. முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால், பணம் வந்தாலும் அது உங்கள் வீட்டுக்கு வராமல் போகலாம்.

கம்பெனிக்கு எழுதுவதற்கு முன் பேரேட்டைப் பாருங்கள்

இந்தப் படியை நான் தாண்டிப் போய்விட்டுப் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் ஐயா ஈப்போவில் இருந்தபோது, 1937இல் 2,000 வெள்ளிக்கு ஒரு பாலிசி போட்டிருந்தார். அசல் பத்திரம் அப்பத்தாவின் பெட்டியில் பளிச்சென்று இருந்தது. எட்டு மாதம் கடிதம் எழுதினேன். பழைய புத்தகத்தைத் தேடிப் பார்க்கிறோம் என்று பதில் வரும், அப்புறம் சத்தமே இருக்காது. ஒரு நாள் வேறு எதற்காகவோ பழைய பேரேட்டைப் புரட்டினால், விய வருடத்தில் ஒரு வரி: 'ஈப்போ இன்சூரன்சு வகையில் வரவு'. அதாவது 1946–47. உலகச் சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில் ஐயா பாலிசியைச் சரண்டர் செய்திருக்கிறார், அதாவது பாதியிலேயே முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார். அசல் பத்திரம் ஊரில் மாட்டிக்கொண்டதால், தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்கியிருக்கிறார். பேரேட்டுக்குள்ளேயே அந்தக் கடிதத்தின் நகலும் இருந்தது.

ஆக, அசல் பத்திரம் கையில் இருப்பதாலேயே பணம் பாக்கி என்று ஆகாது. பேரேடு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு), கடிதக் கட்டு மூன்றையும் முதலில் பாருங்கள். தமிழ் எண்களும் தமிழ் வருடங்களுமாக இருக்கும். தேடவேண்டியவை பெரும்பாலும் இந்த வருடங்கள்: பிரமாதி (1939–40), விஷு (1941–42), சித்திரபானு (1942–43), பார்த்திப (1945–46), விய (1946–47), சர்வசித்து (1947–48). மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் தவணை கட்டுவது நின்றதா, அதற்குப் பிறகு மறுபடி கட்டினார்களா என்பது இங்கேதான் தெரியும். தவணை நின்று போன பாலிசி காலாவதி ஆகியிருக்கும், அல்லது கட்டிய அளவுக்குக் குறைந்த தொகையாக நின்றிருக்கும். வீட்டில் பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால் ஒரு மத்தியானத்தில் இது முடிந்துவிடும்.

எந்தக் கம்பெனி, எந்த நாடு

கம்பெனியின் பெயரை வைத்து இன்று யாரைக் கேட்பது என்று முடிவு செய்யும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புருடென்ஷியலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1848இல் லண்டனில் தொடங்கிய கம்பெனி அது. 1854 முதல் ஏழைத் தொழிலாளர் வீடுகளில் வாரம் ஒரு பென்னி வசூலித்து வளர்ந்தது. நம் ஊரில் தண்டல்காரர் வாசலுக்கு வருவது போல, அவர்களின் ஆள் வாசலுக்கு வந்து வாங்கிப் போவார். 1923இல் கடல் கடந்து முதலில் கிளை போட்டது இந்தியாவில்தான், முதல் பாலிசி அசாமில் ஒரு தேயிலைத் தோட்டக்காரருக்கு. 1924இல் மலாயா, 1931இல் சிங்கப்பூர். ஆகவே கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன நம் ஆட்களின் பெட்டிகளில் அந்தப் பெயர் இருப்பதில் வியப்பில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் குழப்பம். ஒரே பெயர், நான்கு முகவரி.

கல்கத்தா, சென்னை, பம்பாய் போன்ற இந்தியக் கிளையில் எழுதிய பத்திரம் என்றால் எல்.ஐ.சி.தான். 1956 ஜனவரி 19ஆம் தேதி அவசரச் சட்டத்தால் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 சேமநலச் சங்கங்கள், ஆக 245 நிறுவனங்களின் கணக்குகள் ஒரே குடைக்குள் வந்தன. வெளிநாட்டுக் கம்பெனிகளைப் பொறுத்தவரை அவை இந்தியாவில் நடத்திய தொழில் மட்டும்தான் வந்தது, மலாயாக் கிளையின் கணக்கு வரவில்லை. (இந்த இடத்தில் செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு நினைவு வரும். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை 1937இல் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்தான் மவுண்ட் ரோட்டில் யுனைடெட் இந்தியா கம்பெனிக்காக அந்த உயர்ந்த கட்டடத்தைத் தொடங்கியவர். 1959இல் திறந்தபோது அது எல்.ஐ.சி. கட்டடம்.)

மலாயாவில் எழுதியது என்றால் மலேசிய புருடென்ஷியல், சிங்கப்பூரில் எழுதியது என்றால் சிங்கப்பூர் புருடென்ஷியல். லண்டன் தலைமை ஆபீஸிலேயே எழுதியது என்றால் இன்று எம் அண்டு ஜி. 2019 அக்டோபரில் பிரிட்டன் தொழிலைத் தனியாகப் பிரித்து அந்தப் பெயரில் விட்டுவிட்டார்கள். தாய்க் கம்பெனி இன்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான் தொழில் செய்கிறது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. நம் ஊரில் போர்டு தொங்கும் ஐசிஐசிஐ புருடென்ஷியல் 2000இல் கூட்டு முயற்சியாக வந்த தனிக் கம்பெனி. 1930களின் பத்திரத்தை அங்கே கொண்டுபோனால் அவர்கள் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவில் புருடென்ஷியல் பைனான்ஷியல் என்று ஒன்று இருக்கிறது, 1875இல் நியூஜெர்சியில் தொடங்கியது. பெயர்தான் ஒன்று, இரண்டுக்கும் உறவே கிடையாது. மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார் என்று அங்கே மனுப் போட்டுவிடாதீர்கள்.

கிரேட் ஈஸ்டர்ன் என்றிருந்தால் அது 1908இல் சிங்கப்பூரில் பிறந்தது, இன்றும் அதே பெயரில் இருக்கிறது. கனடாவின் சன் லைஃப், பம்பாயின் ஓரியண்டல் இரண்டும் இந்தியாவில் எழுதிய பத்திரம் என்றால் மறுபடி எல்.ஐ.சி.தான்.

ரங்கூன் பத்திரமா? அதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சிக்கு வந்த பிறகு தனியார் தொழில்கள் அரசுடைமை ஆயின. நிலத்தையும் கிட்டங்கியையும் (கடைக் கட்டடத்தையும்) விட்டுவிட்டு வந்தவர்களுக்கே பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

பெயர்தான் பெரிய சிக்கல்

பாலிசி எண் தெளிவாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. எண் அழிந்து பெயர் மட்டும் இருந்தால், ஒரே ஆள் எத்தனை விதமாக எழுதப்பட்டிருப்பார் என்று பட்டியல் போட வேண்டும்.

மலாயாக் குமாஸ்தாக்கள் நம் விலாசத்தை (பெயருக்கு முன் வரும் குடும்ப எழுத்துகளை) காதில் விழுந்தபடி எழுதினார்கள். 'ஆ. ல.' என்பதை ஆங்கில எழுத்து இரண்டாக எழுதாமல் 'ஆனா லானா' என்று முழுச் சொல்லாகவே எழுதியிருப்பார்கள். 'மு. ரு.' என்பது 'மூனா ரூனா' ஆகிவிடும். புத்தகத்தில் ஆள் 'ஆ' வரிசையில் இருப்பாரா, தம் சொந்தப் பெயரின் வரிசையில் இருப்பாரா, 'செட்டி' என்ற வரிசையில் இருப்பாரா என்று சொல்ல முடியாது. அண்ணாமலை என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். எல்லா வடிவத்தையும் ஒரே தாளில் எழுதிக் கடிதத்தோடு அனுப்புங்கள். இன்னொன்று, கடை விலாசத்தின் பேரில் போட்ட பாலிசியா, தனி ஆள் பேரிலா என்றும் பாருங்கள். கடையை நடத்திய மேலாளின் ஆயுள் பேரில் முதலாளி போட்ட பாலிசியும் உண்டு. அதில் பணம் ஆளின் வீட்டுக்குப் போகாது.

பிள்ளை கூட்டிய வீடுகளில் சிக்கல் இரட்டிப்பு. சுவீகாரம் வந்த பிறகு விலாசமே மாறிவிடும். இருபது வயதில் பெற்ற தகப்பனார் விலாசத்தோடு பாலிசி போட்டவர், இருபத்தைந்தில் வேறு விலாசத்தில் இருப்பார். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று காட்ட சுவீகாரப் பத்திரம் வேண்டும். அது இல்லையென்றால் இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தப் பத்திரம்), கோவில் புள்ளிக் கணக்கு (கோவிலில் பதிந்த குடும்பக் கணக்கு), பழைய கிரயப் பத்திரம் என்று எதில் இரண்டு பெயரும் தொடர்புபட்டிருக்கிறதோ அதைத் தேடி எடுங்கள். இவை தாமாகவே சட்டப்படி முடிவான சான்று ஆகிவிடாது. ஆனால் கம்பெனிக்காரர் 'ஆள் இவர்தான் போலிருக்கிறது' என்று மேலே தேட இவை உதவும்.

முதல் கடிதம்

முதல் கடிதத்தில் பணம் கேட்காதீர்கள். 'வாரிசுகள் நாங்கள், உடனே செட்டில் செய்யவும்' என்று வக்கீல் நோட்டீஸ் போலத் தொடங்கினால் பதிலும் அவர்கள் வக்கீலிடமிருந்து வரும். நிலவரம் மட்டும் கேளுங்கள். நான் எழுதும் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்:

'கீழ்க்கண்ட பாலிசியின் அசல் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. எண், தேதி, எழுதிய கிளை, பத்திரத்தில் உள்ளபடி பெயர், பிறந்த ஆண்டு ஆகியவை இவை. இந்தப் பாலிசி நடப்பில் இருக்கிறதா, முதிர்ந்து பணம் கொடுக்கப்பட்டதா, சரண்டர் ஆனதா, காலாவதி ஆனதா? பணம் கொடுக்கப்பட்டிருந்தால் எந்தத் தேதியில், யாருக்கு? உரிமை கோராத பணமாக அரசிடம் ஒப்படைத்திருந்தால் அதன் குறிப்பு எண் என்ன?'

இதோடு இரண்டு பக்கப் படமும், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு பற்றி ஒரு வரியும் போதும். அசலை அனுப்பவே கூடாது. மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

மலேசியாவில் நெடுநாள் கேட்பாரற்ற பணம் கம்பெனியிடம் தங்காது, அரசின் கணக்காளர் நாயகம் துறைக்குப் போய்விடும். அதைத் தேட 'இ-குமிஸ்' என்ற தளம் இருக்கிறது. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உறவினர் இருந்தால் அவரையே பார்க்கச் சொல்வது சுலபம்.

எல்.ஐ.சி. விஷயம் என்றால் பக்கத்துக் கிளையில் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்குங்கள். கூடவே அவர்கள் இணையதளத்தில் உரிமை கோராத தொகைப் பகுதியில் பெயர் போட்டுப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலிருந்தும் எல்லாக் கம்பெனிகளுக்கும் இந்தத் தேடலுக்குப் போகலாம். இந்தியாவில் பத்து வருடத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்படும். மாற்றிய பிறகும் 25 வருடத்துக்குள் அந்தக் கம்பெனி மூலமாகவே கேட்டு வாங்கலாம். 'நிதிக்குப் போயிடுச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது' என்று கவுன்டரில் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

பணம் இருக்கிறது என்று பதில் வந்தால்

இப்போதுதான் செலவுக் கணக்கு போட வேண்டும். 2,000 வெள்ளிப் பாலிசி என்றால், மலாயா வெள்ளி 1967இல் ஒன்றுக்கு ஒன்றாக மலேசிய வெள்ளி (ரிங்கிட்) ஆனது. ஒரு ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போனஸ் இல்லாமல் பார்த்தால் நாற்பதாயிரம் ரூபாய்ச் சுற்று. பட்டாலையில் பேசிய கோடியெல்லாம் இங்கே கரைந்துவிடும். இதற்குக் கோலாலம்பூரில் வக்கீல் வைத்தால் வரவை விடச் செலவு கூடிவிடும். கம்பெனியிடமே 'இவ்வளவு சிறிய தொகைக்குக் கோர்ட் உத்தரவு இல்லாமல் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் தர முடியுமா' என்று கேளுங்கள். பெரிய தொகை என்றால் அந்த நாட்டுக் கோர்ட்டின் நிர்வாக உரிமைப் பத்திரம் கேட்பார்கள். நம் தாசில்தார் தரும் வாரிசுச் சான்று அங்கே தனியாகச் செல்லுபடி ஆகாது. நம் காகிதங்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்க அரசு தரும் சான்று முத்திரை) போதுமா, தூதரகச் சான்று வேண்டுமா என்றும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே திரட்ட வேண்டியது முதலில் இறப்புச் சான்று. அந்தக் காலத்தில் பதியாமல் விட்டிருந்தால், ஒரு வருடம் தாண்டிய பதிவுக்கு வருவாய்த் துறை நடுவர் உத்தரவு தேவைப்படும். அடுத்தது வாரிசு. ஐயாவின் பிள்ளைகளே இல்லாமல் பேரன் பேத்தி காலம் வந்துவிட்டால் தாலுகா ஆபீஸோடு நிற்காது, சார்பு நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டிவரும். எல்லாப் புள்ளிகளும், கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள் உட்பட, கையெழுத்துப் போட வேண்டும். ஆச்சிமார் பெயரை விட்டுவிட்டு மனுப் போட்டுப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். யார் செலவு செய்வது, வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒரு வெள்ளைத் தாளில் முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் வந்த பிறகு எழுத முடியாது.

இந்தியக் கம்பெனி இழுத்தடித்தால் வழி இருக்கிறது. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்கைக் கேட்பார். கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண் 155255.

ஒரு விஷயம். நீங்கள் விசாரிப்பது வெளியே தெரிந்ததும் 'மலேசியாவில் எனக்கு ஆள் இருக்கிறது, முன்பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்' என்று ஒருவர் வருவார். வாட்ஸாப்பில் ஆதாரும் அசல் பத்திரப் படமும் கேட்பார். பணம் தர வேண்டிய எந்தக் கம்பெனியும் முன்பணம் வாங்கிக்கொண்டு பணம் தருவதில்லை. காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒன்றும் இல்லை என்று பதில் வந்தால்

பத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டாம். காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர்கள் இதுபோன்ற தாளுக்கும் விலை சொல்வார்கள். விற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எங்கள் ஐயாவின் பத்திரம் அப்பத்தாவின் பெட்டிக்கே திரும்பிப் போய்விட்டது. அதன் மேல் ஒரு சீட்டைப் பின் குத்தி வைத்திருக்கிறேன்: 'பணம் வந்தாச்சு. விய வருடம், பேரேட்டில் பார்க்கவும். யாருக்கும் போன் போட வேண்டாம்.'